வெம்மையும் தண்மையும்

பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. நான் ஆசிரியப் பணி தொடங்கிய புதிதில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அப்பயிற்சியில் ஒரு வாக்கியம் கொடுத்தேன். ஊருக்கு வந்த விருந்தினரை மக்கள் அன்போடு வரவேற்றனர் என்பது அதன் கருத்து. அன்பைக் குறிக்க, ஆங்கில வழக்கப்படி, சூட்டைக் குறிக்கும் சொல்லே அவ்வாக்கியத்தில் ஆளப்பட்டிருந்தது. மாணவன் ஒருவன் அகராதியைப் புரட்டிப் பார்த்து, 'மக்கள் வெப்பமான வரவேற்பு அளித்தனர்' என்று எழுதிக் கொடுத்தான். அதை நான் வகுப்பில் உரக்கப் படித்தேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். "வந்தவரைச் சுட்டுவிட்டார்கள் போலும்!" என்று ஒரு நகைச்சுவையும் சேர்த்தேன். பிறகு சிவப்பு மையால் கோடிட்டு, 'மனம் குளிர வரவேற்றனர்' என்று திருத்தினேன்.

திருத்தம் சரியானதுதான். ஆனால் அன்று மாலை வீடு திரும்பிய பின்னும் அந்த வாக்கியம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒரே அன்பை ஆங்கிலேயர் சூடு என்கின்றனர். நாம் குளிர்ச்சி என்கிறோம். இருவரும் மனிதர், இருவர் உடம்பிலும் ஓடுவது ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள குருதியே. அங்ஙனமிருக்க, சொல் மட்டும் ஏன் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து நிற்கிறது? அன்பு சூடா, குளிர்ச்சியா? அன்று தொடங்கிய சிந்தனையையே இன்று மாணவச் செல்வங்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் நம் நிலத்தைப் பார்ப்போம். நான் வாழ்வதும், பெரும்பாலும் பணியாற்றியதும் கலவையைச் சூழ்ந்த பகுதியிலேதான். ஆற்காட்டுக்குத் தெற்கே உள்ள கலவை ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் வெயில் மாறவில்லை. கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடுகிறது. பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதனை உமிழ்கின்றன. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி நீரைவிட மணலே மிகுதி. அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவது புதுமையன்று. இத்தகைய நிலத்தில் வாழ்பவன், துன்பம் என்றால் சூட்டை நினைப்பதும், இன்பம் என்றால் நிழலை நினைப்பதும் இயல்பேயன்றோ?

நம் சொற்கள் அனைத்தும் இதற்குச் சான்று கூறும். மகிழ்ந்தால் மனம் குளிர்கிறது. பொறாமைப்பட்டால் வயிறு எரிகிறது. கடுமையாகப் பேசினால் அது சுடுசொல். இரக்கம் உடையவன் ஈர நெஞ்சினன். அரசனுடைய அருளுக்குத் தண்ணளி என்று பெயர். அவன் குடிமக்களைக் காப்பதைக் குடை நிழல் என்றனர் புலவர். அம்மை நோய் உடம்பை அனலாய்க் காய்ச்சும்; அந்நோய்க்குரியவளாக வணங்கப்பட்ட தெய்வத்தின் பெயரோ மாரி, அதாவது மழை. குடிக்கும் நீருக்கே தண்ணீர், குளிர்ந்த நீர் என்று பெயரிட்டோம். அச்சொல் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்றால், காய்ச்சிய நீரையும் 'சுடுதண்ணீர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சூடான குளிர்நீர்! தமிழைப் புதிதாகக் கற்கும் அயல்நாட்டார் இதைக் கேட்டால் திகைப்பர்.

பனி பெய்யும் நாடுகளில் வாழ்வோர்க்கு நிலைமை தலைகீழ். அவர்களுக்குச் சாவு குளிராக வரும். வாழ்வு அடுப்பாக எரியும். எனவே அன்பு அங்கே சூடாயிற்று. 1946ஆம் ஆண்டு சாலமன் ஆஷ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். முன்பின் அறியாத ஒருவரின் பண்புகள் என்று சில சொற்களைப் பட்டியலிட்டு மாணவர்களுக்குப் படித்துக் காட்டினார். அறிவுடையவர், உழைப்பாளி, உறுதியுடையவர் என்பன போன்ற சொற்கள் இரு குழுவினர்க்கும் பொதுவானவை. ஒரு சொல் மட்டும் வேறு: ஒரு குழுவினர்க்குச் 'சூடானவர்' என்றும், மற்றொரு குழுவினர்க்குக் 'குளிர்ந்தவர்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தார். அந்த ஒரு சொல்லால் அம்மனிதரைப் பற்றிய மதிப்பீடே பெரிதும் மாறிவிட்டது. சூடானவரைத் தாராள மனமுடையவர் என்றனர்; குளிர்ந்தவரைத் தன்னலக்காரர் என்றனர். இதே பட்டியலை அப்படியே தமிழாக்கி என் வகுப்பில் படித்திருந்தால், விடை நேர்மாறாக அன்றோ வந்திருக்கும்!

இன்னொரு செய்தியும் கேளுங்கள். சூடான காப்பிக் கோப்பையைச் சிறிது நேரம் கையில் ஏந்தியவர்கள், பிறரை அன்புடையவராக மதிக்கின்றனர் என்று 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதினர். செய்தித்தாள்களும் அதனைப் பரப்பின. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதைவிட மிகுதியான பேரைக் கொண்டு அச்சோதனையை மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிட்டவில்லை. மொழி இணைத்து வைத்த இரண்டு பொருள்களை இயற்கையும் இணைத்தே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. மாணவர்கள் இதனை நினைவிற் கொள்வது நலம்.

அவ்வாறாயின் தமிழில் வெம்மைக்கு நல்ல பொருளே இல்லையா? இங்கேதான் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. பணிக்கு வந்து சில ஆண்டுகள் கழித்துத் தொல்காப்பியத்தின் உரியியலை மீண்டும் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அரிய சொற்களுக்குப் பொருள் கூறும் பகுதி அது. அங்கே வெம்மை என்னும் சொல்லுக்கு 'வேண்டுதல்', அதாவது விரும்புதல் என்று பொருள் கூறப்பட்டுள்ளது. வெய்யோன் என்றால் கதிரவன் என்று நாம் அறிவோம். விரும்புகின்றவன் என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. பண்டைத் தமிழன் அன்பின் சூட்டை அறியாதவன் அல்லன். வேண்டும் வேண்டும் என்று ஒருவரை நோக்கி நெஞ்சு விரைகிறதே, அந்த விரைவு வெம்மை. அந்த நெஞ்சு சென்று சேர்ந்தபோது மற்றவர் பெறுவது தண்மை. அன்பு கொள்பவனிடத்தில் வெம்மை; அன்பு பெறுபவனிடத்தில் தண்மை. ஒரே அன்பின் இரு முனைகளுக்கு இரு சொற்களை வைத்தனர் நம் முன்னோர். அந்த மாணவனுக்கு நான் அரை மதிப்பெண்ணாவது கொடுத்திருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றிற்று.

இனி அறிவியலார் சொல்வதைக் கேட்போம். வெப்பம் என்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு பாய்மம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பலர் நம்பினர். அக்கருத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் பவேரிய அரசில் உயர் பதவி வகித்தவர் அவர். மியூனிக் நகரத்துப் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது உலோகம் கடுமையாகச் சூடேறுவதைக் கண்டார். நீருக்குள் வைத்துத் துளையிட்டுப் பார்த்தார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், அந்நீர் கொதித்தது! உராயும் வரையில் வெப்பம் வற்றாமல் பிறந்துகொண்டே இருந்தது. பொருளாயின் தீர்ந்துபோயிருக்கும், எனவே வெப்பம் பொருளன்று, ஒருவகை இயக்கமே என்று 1798ஆம் ஆண்டு அவர் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஜூல் முதலியோர் அளந்து காட்டி இதனை நிலைநாட்டினர்.

இதிலிருந்து ஓர் உண்மை கிடைக்கிறது. குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் நம்மைவிட்டு வெளியேறுவதையே நாம் குளிர்ச்சி என்கிறோம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் தாய் ஈரத்துணியை இடுகிறாள். துணி குளிர்ச்சியைக் கொடுப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது எதையும் கொடுப்பதில்லை. குழந்தையின் சூட்டைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் சிறிது நேரத்தில் துணி சூடாகிவிடுகிறது. தாய் அதனை மீண்டும் நனைக்கிறாள். ஒருவரைக் குளிர்விப்பது என்றால் அவருடைய சூட்டை ஏற்றுக்கொள்வது என்று பொருள். இதைவிட நல்ல விளக்கம் தண்ணளி என்னும் சொல்லுக்கு வேண்டுமா?

ரம்ஃபோர்டைப் பற்றி மேலும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். மியூனிக் நகரத்தில் பிச்சையெடுத்துத் திரிந்த ஏழைகளுக்கு 1790ஆம் ஆண்டு வேலையும் சூடான கஞ்சியும் கிடைக்க வழி செய்தவர் அவரே. குறைந்த விறகில் மிகுந்த சூடு தரும் அடுப்புகளையும் அவர் அமைத்தார். ஆனால் அமெரிக்காவில் புரட்சி மூண்ட காலத்தில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுச் சென்றவர், பின்னர் அம்மனைவியைப் பார்க்கவேயில்லை. அவ்வம்மையார் 1792ஆம் ஆண்டு இறந்துபோனார். ஊருக்கெல்லாம் அடுப்பு மூட்டியவரின் வீட்டு அடுப்பு அணைந்தே கிடந்தது.

இதனைப் படித்தபோது எனக்கு நம் பேகன் நினைவு வந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவன் பேகன். பழனி மலைப்பகுதியை ஆண்ட ஆவியர் குடியினன். குளிரில் மயில் நடுங்குவதாக எண்ணி, அதற்குத் தன் போர்வையை அளித்தவன் என்று எல்லாப் பாடநூல்களிலும் படித்திருக்கிறீர்கள். ஆனால் புறநானூற்றில் அவனைப் பற்றிய மற்றொரு செய்தி உண்டு. பாடநூல்கள் அதனைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அவளோ கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் நான்கு புலவர்கள் அவனிடம் சென்று அவள் பொருட்டுப் பாடினர். பரணர் அந்தப் பாட்டிலேயே மயிலுக்குப் போர்வை தந்ததையும் நினைவூட்டுகிறார். பொருள் வேண்டிப் பாடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், 'எங்களுக்குப் பரிசில் வேண்டா. உன் மனைவியிடம் திரும்பிச் செல், அதுவே பரிசில்' என்னும் கருத்துப்படப் பாடினர். மன்னன் முகத்துக்கு நேரே இதைச் சொல்லத் துணிந்த புலவர்களின் நெஞ்சுரத்தை என்னென்பது! கேளாத மயிலின் நடுக்கம் கண்ணிற் பட்டது; அழுகின்ற மனைவியின் வெப்பம் கண்ணிற் படவில்லை. கொடையுள்ளம் மட்டும் போதாது; யார் நடுங்குகிறார், யார் எரிகிறார் என்று அறியும் கண்ணும் வேண்டும்.

பழங்கதை போதும்; இனி எங்கள் கலவைக்கே வருவோம். 1907ஆம் ஆண்டின் தொடக்கம். காஞ்சி காமகோடி பீடத்தின் அறுபத்தாறாம் ஆசாரியர் கலவையில் தங்கியிருந்தபோது சித்தியடைந்தார். அவருக்குத் தொண்டு செய்துவந்த இளைஞர் ஒருவர் அடுத்த ஆசாரியராகப் பொறுப்பேற்றார். அவர் ஓர் ஏழை விதவையின் ஒரே மகன். துறவு பூண்டபின் மகன் தாய்க்கு உரியவன் அல்லனே! மடத்தில் அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்ல உறவினர் எவரும் இல்லை. திண்டிவனத்தில் வாழ்ந்த அவருடைய சகோதரி மகாலட்சுமி அம்மையார் இச்செய்தி கேட்டுத் தம் பிள்ளைகளோடு கலவைக்குப் புறப்பட்டார். அவருடைய கணவர் சுப்பிரமணிய சாஸ்திரியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் கல்வி அலுவலர். கல்வி மாநாடு ஒன்றின் பொருட்டுத் திருச்சிராப்பள்ளி செல்ல நேர்ந்ததால் அவர் உடன் வர இயலவில்லை.

காஞ்சிபுரம் வரை இரயிற் பயணம். அங்கிருந்து கலவைக்கு ஏறத்தாழ 25 மைல்; மாட்டு வண்டிதான் கதி. காஞ்சி மடத்துக்குக் கலவையிலிருந்து ஒரு வண்டி வந்திருந்தது. அதில் வந்த மடத்து மேஸ்திரி, அம்மையாரின் மகன் சுவாமிநாதனைத் தம்மோடு வருமாறு அழைத்தார். மற்றவர்கள் பின்னால் வேறு வண்டியில் வந்தனர். பையனுக்கு அப்போது பதின்மூன்றாவது வயது. திண்டிவனத்து ஆற்காடு அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவன். வண்டி போகப் போக, மேஸ்திரி சிறிது சிறிதாகச் செய்தியை அவிழ்த்தார். புதிய ஆசாரியருக்கு, அதாவது பையனின் பெரியம்மா மகனுக்கு, கடுங்காய்ச்சல் கண்டு சன்னியில் பிதற்றத் தொடங்கிவிட்டார். இனிப் பையன் வீடு திரும்புவது ஐயமே. இதைக் கேட்ட பையன் திகைத்து, வண்டிக்குள் மண்டியிட்டபடி, தனக்குத் தெரிந்த இராமநாமத்தையே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு சென்றான். அந்த ஆசாரியர் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே மறைந்தார். 1907 பிப்ரவரியில் சுவாமிநாதன் அறுபத்தெட்டாம் ஆசாரியரானார். சந்திரசேகரேந்திர சரசுவதி என்னும் பெயருடன் 1994ஆம் ஆண்டு வரை வாழ்ந்த காஞ்சிப் பெரியவர் அவரே.

இச்செய்தியைப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். அதில் என் நெஞ்சைத் தொட்டது வண்டிப் பயணம் மட்டுமன்று. தாயைப் பற்றிய ஒரு குறிப்புமாகும். சகோதரிக்கு ஆறுதல் சொல்லப் புறப்பட்டவர், கலவை வந்து சேர்ந்தபோது, தமக்கே பிறர் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தார் என்கிறார் அவர். சமயத்தார் அதனை இறைவன் திருவுளம் என்பர். அது பற்றி நான் பேச வரவில்லை. அந்த இரு சகோதரிகளையே நான் நினைக்கிறேன். ஒருவர் மகனைத் துறவுக்குக் கொடுத்து, பின் சாவுக்கும் கொடுத்தவர். மற்றவர் மகனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே இழந்தவர். அந்த இரவில் யார் யாரைக் குளிர்வித்தார்? ஈரத்துணியும் சூடாகிவிட்டதே! ஆயினும் ஒருவர் கையை ஒருவர் பற்றியிருக்கத்தான் வேண்டும். கலவையில் அவ்விரு ஆசாரியர்களின் பிருந்தாவனங்கள் இன்றும் உள்ளன. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோதெல்லாம், கல்வெட்டிற் காணாத அந்த இரு தாய்மாரையும் பற்றிச் சொல்ல நான் தவறியதில்லை.

அதே திண்டிவனம், அதே ஆற்காடு மிஷன். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே வேறொரு வாழ்வும் ஓரிரவில் திசைமாறியது. ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷன் மருத்துவர் ஒருவரின் மகள். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயின் உடல்நலக் குறைவு காரணமாகத் திண்டிவனம் வந்திருந்தார். விரைவில் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஓரிரவு, மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் பிள்ளைப்பேற்றில் துன்புற்றுக் கிடந்தனர். "என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

ஐடா அமெரிக்கா சென்று, 1899ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டு வேலூர் வந்தார். சிறு அறையில் தொடங்கிய பணி 1902ஆம் ஆண்டு மருத்துவமனையாயிற்று; 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று; வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. வேலூரைச் சூழ்ந்த சாலையோர மரநிழல்களில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். 1960ஆம் ஆண்டு மறையும் வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தார். அந்த மூன்று பெண்களின் வேதனை அவருள் வெம்மையாய் மூண்டது. வடார்க்காட்டுப் பெண்களுக்குத் தண்மையாய் வந்து சேர்ந்தது. தொல்காப்பியம் கூறும் பொருளுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நான் அறியேன்.

பிள்ளைப்பேறு பற்றிப் பேச்சு வந்தமையால், வெயில் நாட்டிலும் மனிதனுக்குச் சூடே உயிராய் இருக்கும் ஒரு நேரத்தைக் கூறவேண்டும். அது பிறந்த நேரம். குழந்தையின் எடை சிறிது. எடையை நோக்க உடற்பரப்பு மிகுதி. மேனியும் ஈரமாய் இருக்கும். ஆகவே நமக்குப் புழுக்கமாய்த் தோன்றும் அறையிலும் அதன் சூடு விரைந்து வெளியேறும். குறைமாதக் குழந்தைக்கோ தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, 1880ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரத்து மருத்துவர் தார்னியே இத்தகைய குழந்தைகளுக்கு வெப்பப் பெட்டி அமைத்தார். பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் பெட்டி விலை மிகுந்தது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தும் வைத்தது.

தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில், 1978ஆம் ஆண்டு எட்கார் ரேய் என்னும் மருத்துவருக்கு ஒரு நெருக்கடி. பெட்டிகள் சில, குழந்தைகள் பல. ஒரே பெட்டியில் பலரை இட்டதால் நோய் பரவிற்று. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பதுபோல், குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாகத் தோலும் தோலும் படும்படி கட்டிவைக்கச் செய்தார். தாயின் உடம்பே பெட்டியாயிற்று. பாலும் அருகிலேயே இருந்தது. முதலில் இதனை ஏழைநாட்டு ஏற்பாடு என்று எண்ணியவர் உண்டு. 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை வரை உள்ள குழந்தைகளிடம் அது நடைபெற்றது. உடல்நிலை சீரான பிறகே தாயின் மார்பில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் முதல் 28 நாட்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர் இறந்தனர். பிறந்தவுடனேயே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 12 பேரே இறந்தனர். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இம்முறை கைக்கொள்ளப்படுகிறது. உடற்சூடு, அன்பு என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுவதை அந்தக் குழந்தை அறியாது. அதற்கு இரண்டும் ஒன்றே.

இவ்வளவும் கூறியபின், என் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையைக் கூறாமல் விட்டால் இவ்வுரை நேர்மையுடையதாகாது. ஒரு சித்திரை மாதம். ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மேற்கூரை ஓடுகள் அனலைக் கக்கின. நான் தேர்வறைகளைச் சுற்றி வந்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தாயின் பழஞ்சேலையைத் தோளோடு போர்த்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். தந்தை இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலாளி. விடியுமுன் வேலைக்குச் சென்றுவிடுபவர். எனக்கோ சட்டை முழுதும் வியர்வை. 'போர்வைக்குள் ஏதேனும் துண்டுத்தாள் வைத்திருக்கிறானோ' என்ற ஐயமும் எழுந்தது. "இந்த வெயிலில் இதென்ன வேடம்? எடு அதை!" என்று அதட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சேலையை எடுத்து மடித்துக் காலடியில் வைத்தான். நான் அடுத்த அறைக்குச் சென்றுவிட்டேன்.

கால்மணி நேரம் கழித்து ஒரு பெண் எழுந்து வந்து, "ஐயா, அவனுக்குக் கை நடுங்குகிறது, எழுத முடியவில்லை" என்றாள். ஓடிச் சென்று நெற்றியைத் தொட்டேன். கணகணவென்று கொதித்தது. காய்ச்சல் ஏறும் நேரத்தில் மூளை உடம்பின் வெப்ப அளவை உயர்த்திவைக்கும். உடம்பு அந்த அளவை எட்டும் வரையில், எவ்வளவு சூடாயிருந்தாலும், குளிர்வதாகவே உணர்ந்து நடுங்கும். இதனை நானே பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். இருந்தும், எனக்கு வியர்த்தது என்பதனால் அவனுக்கும் வியர்க்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். நடுங்கிய பிள்ளையின் போர்வையை என் சொல்லாலேயே எடுக்கவைத்தேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றி வகுப்பெடுத்தவன் நான்!

சேலையை எடுத்து நானே போர்த்திவிட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். ஒரு வாரத்தில் நலமடைந்தான். விட்ட தேர்வை எழுதவும் ஏற்பாடு செய்தோம். "அன்று ஏன் காய்ச்சல் என்று சொல்லவில்லை?" என்று பின்னர் கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே, ஐயா" என்றான். அதில் குற்றச்சாட்டு இல்லை. உண்மை மட்டுமே இருந்தது.

மாணவச் செல்வங்களே! அன்பு சூடா, குளிர்ச்சியா என்னும் கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எதிரே இருப்பவர் எரிகிறாரா, நடுங்குகிறாரா என்பதைப் பொறுத்தது அது. அதனை நம் உடம்பைக் கொண்டு அளக்கலாகாது. அருகிற் சென்று கேட்க வேண்டும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் எனக்கு எத்தனையோ முறைகள் கற்பிக்கப்பட்டன. இந்த ஒன்றை அந்தச் சிறுவனிடமே கற்றேன்.